ஒரு லேப்டாப், ரெண்டு ஜோடி இயர்பட்ஸ்: ஒரே நேரத்துல ரெண்டுலயும் சத்தம் வருமா?

அஸ்தம்பட்டி · 14 நவம்பர் 2025, இரவு 9:12

விண்டோஸ் 11 லேப்டாப், புளூடூத் 5.0. ரெண்டு ஜோடி இயர்பட்ஸும் "கனெக்டட்"னு காட்டுது, ஆனா சத்தம் ஒண்ணுல மட்டும்தான். இன்னொண்ணைத் தேர்ந்தெடுத்தா அதுல வருது, முதல் ஜோடி ஊமையாயிடுது. 5.0 இருந்தா ரெண்டுக்கும் போகும்னு கடையில சொன்னாங்க. அந்த செட்டிங் எங்கே இருக்கு? ஞாயித்துக்கிழமை ஏற்காடு. ரூம்ல நெட் சரியா எடுக்காது. டவுன்லோடு பண்ணின படத்தை, தூங்குறவங்களை எழுப்பாம ரெண்டு பேர் பார்க்கணும்.

குகை_ஸ்பீக்கர் · 14 நவம்பர் 2025, இரவு 9:41

அப்படி ஒரு செட்டிங் உங்க லேப்டாப்ல இல்லைங்க. 5.0ங்கிற நம்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

புளூடூத்ல ஒரே நேரத்துல பல சாமானைச் சேர்த்து வைக்கலாம். மவுஸ், கீபோர்டு, ரெண்டு இயர்பட்ஸ், எல்லாம் ஒண்ணா நிக்கும். தடங்கல் விண்டோஸ்ல இருக்கு. சத்தத்துக்கு அது "டீஃபால்ட்"னு ஒரே ஒரு வெளியீட்டைத்தான் வெச்சிருக்கும். அதனாலதான் ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு ஊமையாகுது. ரிப்பேர் எதுவும் இல்லை.

கடைக்காரர் குழம்பினதுக்கும் காரணம் இருக்கு. 2017ல சாம்சங் கேலக்ஸி எஸ்8 வந்தப்போ புளூடூத் 5.0ம் "டூயல் ஆடியோ"வும் (ஒரே சத்தத்தை ரெண்டு கருவிக்கு அனுப்புறது) ஒரே போன்ல வந்தது. ஜனங்க ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. டூயல் ஆடியோ சாம்சங் தானா எழுதிச் சேர்த்தது. ஐபோன்ல 2019ல வந்த ஆடியோ ஷேரிங்கும் அந்த மாதிரிதான், அதுலயும் ஏர்பாட்ஸ், பீட்ஸ் வகைகளுக்கு மட்டும்.

இன்னொண்ணு. இயர்பட்ஸ் டப்பா மேல "மல்டிபாயின்ட்"னு போட்டிருந்தா அதை நம்பி வாங்காதீங்க. ஒரு இயர்பட்ஸ் ரெண்டு கருவியோட (போன், லேப்டாப்) இணையறதுக்குப் பேர் அது. உங்களுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர்.

நாகலூர் · 14 நவம்பர் 2025, இரவு 9:50

ஒரே ஜோடி, ஆளுக்கொரு காது. பைசா செலவில்லை.

நாகலூர் · 14 நவம்பர் 2025, இரவு 9:58

விளையாட்டுக்குச் சொல்லலை. ஆனா அப்படிச் செய்யறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ போய் "மோனோ ஆடியோ"வை ஆன் பண்ணணும். இல்லைன்னா இடது பக்கத்து சத்தம் ஒருத்தருக்கு, வலது பக்கத்து சத்தம் இன்னொருத்தருக்கு. ஒருத்தர் வெடிகுண்டு வெடிச்சதைக் கேப்பார், இன்னொருத்தர் அது வெடிச்சதே தெரியாம உக்காந்திருப்பார். படம் முடிஞ்சதும் மோனோவை ஆஃப் பண்ண மறந்துடாதீங்க.

சூரமங்கலம்_லைன் · 14 நவம்பர் 2025, இரவு 10:20

எந்த சாஃப்ட்வேரும் போடாம ஒரு வழி. சவுண்ட் செட்டிங்ஸ்ல கீழே "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்", "ரெக்கார்டிங்" தாவல். காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி "ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்" டிக் போடுங்க. "ஸ்டீரியோ மிக்ஸ்" வரும். எனேபிள் பண்ணி, பிராப்பர்ட்டீஸ்ல "லிசன்" தாவல், "லிசன் டு திஸ் டிவைஸ்" டிக், கீழே ரெண்டாவது இயர்பட்ஸைத் தேர்ந்தெடுத்து அப்ளை. முதல் ஜோடி டீஃபால்டா இருக்கட்டும். முடிஞ்சது.

குகை_ஸ்பீக்கர் · 14 நவம்பர் 2025, இரவு 10:37

அதுல ஒரு கண்ணி இருக்குங்க சார். ஸ்டீரியோ மிக்ஸ் ரியல்டெக் சவுண்ட் சிப்போட உறுப்பு. ரியல்டெக் வழியா போற சத்தத்தை மட்டும்தான் அது பிடிக்கும். டீஃபால்டா ஒரு புளூடூத் இயர்பட்ஸை வெச்சா சத்தம் ரியல்டெக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஸ்டீரியோ மிக்ஸ் பிடிக்க ஒண்ணும் இருக்காது, ரெண்டாவது ஜோடி மௌனம். இணையத்துல "எனக்கு வேலை செய்யலை"ன்னு புலம்புறதுல பாதி இதுதான்.

அது சரியா வர்றது இந்த அமைப்புலதான்: ஒருத்தருக்கு லேப்டாப் ஜாக்குல வயர் இயர்போன் (அதான் டீஃபால்ட்), இன்னொருத்தருக்கு புளூடூத். வீட்டுல பழைய வயர் இயர்போன் ஒண்ணு கிடந்தா இந்த ஒரு வழியே போதும். சில லேப்டாப்ல ஸ்டீரியோ மிக்ஸே இருக்காது. நிறுவனம் டிரைவர்லயே எடுத்திருக்கும். அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அஸ்தம்பட்டி · 14 நவம்பர் 2025, இரவு 10:44

வயர் இயர்போன் இல்லை. ரெண்டும் வயர் இல்லாதது. சாஃப்ட்வேர் ஏதாவது?

குகை_ஸ்பீக்கர் · 14 நவம்பர் 2025, இரவு 11:25

வாய்ஸ்மீட்டர் பனானா. விபி-ஆடியோன்னு ஒரு நிறுவனத்துது, சும்மாவே போட்டுக்கலாம், விரும்பினா காசு தரலாம். நெட் இருக்கும்போதே சேலத்துலயே போட்டு, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு மலை ஏறுங்க.

முதல்ல ரெண்டு பேர் போன்லயும் புளூடூத்தை ஆஃப் பண்ணுங்க. டப்பாவைத் திறந்தவுடனே இயர்பட்ஸ் பழகின போனைத்தான் தேடி ஓடும். லேப்டாப் காத்துக்கிட்டே நிக்கும்.

நிறுவினதும் ரீஸ்டார்ட் கட்டாயம். மெய்நிகர் சவுண்ட் கார்டு அதுக்கப்புறம்தான் பட்டியல்ல வரும்.

ரெண்டு ஜோடியையும் கனெக்ட் பண்ணிட்டு விண்டோஸ் டீஃபால்டை "வாய்ஸ்மீட்டர் இன்புட்"னு மாத்துங்க. இனி எல்லாச் சத்தமும் இந்த சாஃப்ட்வேருக்குள்ள விழும். பனானா திரையில வலது மேல்மூலையில ஏ1, ஏ2, ஏ3ன்னு மூணு பொத்தான். ஏ1ல முதல் இயர்பட்ஸ், ஏ2ல ரெண்டாவது. பட்டியல்ல ஒரே சாமான் எம்எம்இ, டபிள்யூடிஎம்னு (விண்டோஸ் சத்தத்தை அனுப்புற வழிகள்) ரெண்டு மூணு வகையில வரும். டபிள்யூடிஎம் எடுங்க. அது அடம்பிடிச்சா மட்டும் எம்எம்இ, ஆனா தாமதம் கூடும்.

கடைசியா, மெய்நிகர் உள்ளீட்டுப் பட்டையில (விண்டோஸ் சத்தம் வந்து விழற பட்டை) ஏ1, ஏ2 ரெண்டு பொத்தானும் எரியணும். இதை விட்டுட்டு "சத்தமே வரலை"ன்னு கேக்குறவங்கதான் அதிகம்.

லினக்ஸ்_அம்மாபேட்டை · 15 நவம்பர் 2025, காலை 6:50

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். ஏ1-இல் இயர்பட்ஸ் வைக்க வேண்டாம். வாய்ஸ்மீட்டர் தன் கடிகாரத்தை, அதாவது சத்தத்தை அனுப்பும் வேகத்தை, ஏ1-இல் உள்ள கருவியிடமிருந்து எடுக்கிறது. ஏ1 இயர்பட்ஸை யாராவது டப்பாவில் வைத்த நொடியே மொத்த இன்ஜினும் நின்றுவிடும், மற்றவருக்கும் சத்தம் போய்விடும். மெனுவில் "ரீஸ்டார்ட் ஆடியோ இன்ஜின்" கொடுத்தால்தான் திரும்பும்.

ஏ1-இல் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரை வையுங்கள். அது எங்கும் ஓடிப்போகாது. இயர்பட்ஸ் இரண்டும் ஏ2, ஏ3. உள்ளீட்டுப் பட்டையில் ஏ1 பொத்தானை மட்டும் அணைத்துவிட்டால் ஸ்பீக்கரில் சத்தம் வராது, கடிகாரம் மட்டும் ஓடும். சாதாரண வாய்ஸ்மீட்டரில் ஏ3 கிடையாது. பனானா வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான்.

குகை_ஸ்பீக்கர் · 15 நவம்பர் 2025, காலை 7:30

ஏ1ல ஸ்பீக்கர், ஏ2, ஏ3ல இயர்பட்ஸ். அண்ணா சொல்ற மாதிரியே போடுங்க.

அஸ்தம்பட்டி · 15 நவம்பர் 2025, பகல் 12:15

ரெண்டுலயும் வருதுங்க! ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டு விட்டு வருது. உதட்டசைவும் பொருந்தலை. ஒருத்தருக்குக் கொஞ்சம் பரவாயில்லை, இன்னொருத்தருக்கு நல்லாவே பிந்துது.

குகை_ஸ்பீக்கர் · 15 நவம்பர் 2025, பகல் 1:05

ரெண்டும் வேற வேற நோய். முதல்ல விட்டு விட்டு வர்றது.

எஸ்பிசி கோடெக் (புளூடூத்ல சத்தத்தைச் சுருக்கி அனுப்புற பொதுவான முறை) நல்ல தரத்துல ஒரு ஜோடிக்கு விநாடிக்கு சுமார் 328 கிலோபிட். ரெண்டு ஜோடிக்கு 656. புளூடூத்தோட காற்றுவழி வேகம் 2, 3 மெகாபிட். கணக்குப்படி தாராளம். ஆனா ரேடியோ ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி நேரம் ஒதுக்கணும். போதாததுக்குப் பெரும்பாலான லேப்டாப்ல வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டுல, ஒரே ஆன்டெனாவுல. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இருந்தா அங்கேயே நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. டவுன்லோடு பண்ணின படம்தானே, வைஃபையை அணைச்சே விடலாம்.

யூஎஸ்பி 3.0 பென்டிரைவ், ஹார்டு டிஸ்க்ல படம் வெச்சிருக்கீங்களா? அதுவும் 2.4ல இரைச்சல் கிளப்பும். படத்தை லேப்டாப்புக்குள்ள காப்பி பண்ணிட்டு டிரைவைக் கழட்டிடுங்க.

இன்னும் விட்டா, வாய்ஸ்மீட்டர் மெனுவுல "சிஸ்டம் செட்டிங்ஸ்", டபிள்யூடிஎம் பஃபர் (சத்தத்தை முன்கூட்டிச் சேர்த்து வைக்கிற அளவு) 512ல இருந்தா 1024 ஆக்குங்க. தாமதம் கொஞ்சம் ஏறும், அதைக் கீழே சரிபண்ணலாம்.

குகை_ஸ்பீக்கர் · 15 நவம்பர் 2025, பகல் 1:40

இப்போ உதட்டசைவு. இதுல எல்லாரும் ரெண்டு ஜோடியும் ஒண்ணுக்கொண்ணு மில்லிசெகண்ட் சுத்தமா ஒத்துப்போகணும்னு மண்டையை உடைச்சுக்குறாங்க. தேவையே இல்லை. உங்க காதுல விழறது அவருக்குக் கேக்காது. அவர் 50 மில்லிசெகண்ட் பிந்திக் கேட்டா உங்களுக்கு எப்படித் தெரியப்போகுது? ரெண்டு பேருக்கும் தெரியற ஒரே விஷயம் திரையில இருக்கிற உதடு. அதனால ரெண்டு ஜோடியையும் தோராயமா ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, அப்புறம் படத்தோட சேர்த்து இழுக்கணும்.

செய்முறை: எஸ்பிசில தாமதம் பொதுவா 150 முதல் 250 மில்லிசெகண்ட், இயர்பட்ஸுக்கு இயர்பட்ஸ் மாறும். வாய்ஸ்மீட்டர் சிஸ்டம் செட்டிங்ஸ்ல "மானிட்டரிங் சின்க்ரோ டிலே"ன்னு ஒவ்வொரு ஏ-க்கும் ஒரு கட்டம் இருக்கும். வேகமா வர்ற ஜோடிக்குத் தாமதம் சேர்க்கணும். மெதுவா வர்றதை வேகமாக்க வழி கிடையாது. ஒரே ஆள் ஒரு காதுல இந்த ஜோடி, மறு காதுல அந்த ஜோடி மாட்டிக்கிட்டு, யாராவது கைதட்டுற வீடியோவை ஓட்டுங்க. தட்டு ரெண்டா கேக்குறது ஒண்ணா கேக்குற வரைக்கும் 20, 20ஆ ஏத்துங்க.

ரெண்டும் ஒண்ணானதும் விஎல்சி பிளேயர்ல படத்தை ஓட்டி கீபோர்டுல ஜே பொத்தான். ஒரு அழுத்தத்துக்கு ஒலி 50 மில்லிசெகண்ட் முன்னால வரும். நாலஞ்சு அழுத்தம் போதும். ரொம்ப முன்னாடி போயிட்டா கே பொத்தான் பின்னுக்குத் தள்ளும். யூடியூப்ல இந்த வசதி கிடையாது, அதனால டவுன்லோடு படத்துக்குத்தான் இந்த வழி உசத்தி.

நாகலூர் · 15 நவம்பர் 2025, பகல் 2:02

சரிபண்ணாம விட்டாலும் ஒரு லாபம் இருக்கு. ஒருத்தர் சிரிச்சதும் இன்னொருத்தருக்கு "காமெடி வருது, தயாரா இரு"ன்னு தகவல் போயிடும்.

சூரமங்கலம்_லைன் · 15 நவம்பர் 2025, மாலை 4:30

இவ்வளவு கூத்துக்கு வயரே மேல். 3.5 மி.மீ. ஸ்பிளிட்டர் (ஒரு ஜாக்கை ரெண்டாப் பிரிக்கிறது) ஒண்ணு, ரெண்டு வயர் இயர்போன். தாமதம் பூஜ்யம், சார்ஜ் தீராது, ஜாக் இருக்கிற எந்த லேப்டாப்லயும் ஓடும்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடைகள்ல "ஸ்பிளிட்டர்"னு கேட்டா ரெண்டு வகை நீட்டுவாங்க. பார்க்க ஒரே மாதிரி. ஒண்ணு ஹெட்செட்டைப் பிரிக்கிறது: ஒரு துளைக்குப் பக்கத்துல மைக் படம், இன்னொண்ணுல ஹெட்போன் படம். அதுல ரெண்டாவது இயர்போனை மைக் துளையில சொருகினா சத்தம் வராது. உங்களுக்கு வேண்டியது ரெண்டு துளையிலும் ஹெட்போன் படம் போட்டது. பிளக்ல கறுப்பு வளையம் ரெண்டு இருந்தா ஒலி மட்டும், மூணு இருந்தா மைக்கும் சேர்த்து. மூணு வளையத்துலயும் ரெண்டு ஹெட்போன் வகை இருக்கு, அதனால படத்தைப் பார்த்து வாங்குங்க.

சத்தம் கொஞ்சம் குறையும், ஒரே ஆம்ப்ளிஃபயர் ரெண்டை இழுக்குதே. ரெண்டு வேற வேற இயர்போன்னா ஒண்ணுல கூடவும் ஒண்ணுல குறைவாவும் கேக்கும். வயர்லயே வால்யூம் சக்கரம் வெச்ச வகை இருந்தா பிரச்சினை இல்லை.

லினக்ஸ்_அம்மாபேட்டை · 15 நவம்பர் 2025, மாலை 5:10

வயரில்லா இயர்பட்ஸையே வைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் வேண்டாம் என்றால், இரண்டு பேருக்கு அனுப்பும் புளூடூத் டிரான்ஸ்மிட்டர். டப்பாவில் "டூயல் லிங்க்" என்று இருக்க வேண்டும். இரண்டு வகை உண்டு. ஜாக்கில் சொருகுவது ஒன்று, யூஎஸ்பியில் சொருகுவது ஒன்று. யூஎஸ்பி வகையில் விண்டோஸுக்கு அது வெறும் சவுண்ட் கார்டு. புளூடூத் வேலை முழுவதையும் டாங்கிளே (யூஎஸ்பியில் சொருகும் அந்தச் சின்னக் கருவியே) பார்த்துக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் எதுவும் தொட வேண்டாம். என் சிபாரிசு அதுதான்.

சாதாரண புளூடூத் டாங்கிளை வாங்கிவந்து "லேப்டாப்பில் ஒரு ரேடியோ, இதில் ஒரு ரேடியோ, ஆளுக்கு ஒன்று" என்று கணக்குப் போடாதீர்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் ரேடியோவைத்தான் ஓட்டும். உள்ளே இருப்பது மட்டமானது என்றால் டிவைஸ் மேனேஜரில் அதை டிஸேபிள் செய்துவிட்டு டாங்கிளை மட்டும் ஓட்டலாம், அவ்வளவே. டாங்கிளைச் சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி யூஎஸ்பி 3.0 துளையிலிருந்து தள்ளி வைத்தால் விட்டுவிட்டு வருவது குறையும்.

ஜாக் வகைக்கு ஒரு எச்சரிக்கை. ஒலியை லேப்டாப் ஜாக்கிலிருந்தும் மின்சாரத்தை அதே லேப்டாப் யூஎஸ்பியிலிருந்தும் கொடுத்தால் "ஙொய்" என்று ஒரு இரைச்சல் ஏறும். கிரவுண்டு சுற்று ஏற்படுவதால் வருவது. முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேட்டரியில் ஓட்டினால் போய்விடும்.

ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி (தாமதம் குறைந்த ஒரு கோடெக்) என்று போட்டிருந்தால் தாமதம் 40 மில்லிசெகண்ட் அளவுக்குக் குறையும். ஆனால் டிரான்ஸ்மிட்டர், இயர்பட்ஸ் இரண்டு பக்கமும் அந்த கோடெக் இருந்தால்தான். ஒரு பக்கம் இல்லையென்றால் பேசாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும், யாருக்கும் சொல்லாது. இரண்டாவது ஜோடி சேர்ந்ததும் இறங்கிவிடும் டிரான்ஸ்மிட்டர்களும் உண்டு.

குகை_ஸ்பீக்கர் · 15 நவம்பர் 2025, மாலை 5:35

அண்ணா சொன்னதுக்கு ஒரு ஒட்டு: ஒருவருக்கு மட்டும் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஏற்கெனவே ஒண்ணு வீட்டுல இருந்தா, இன்னொண்ணு வாங்கி ஸ்பிளிட்டர்ல ரெண்டையும் சொருகலாம். டிவிக்கும் இதே கதை ஓடும். ஜோடி சேர்க்கும்போது மட்டும் ஒரு டிரான்ஸ்மிட்டரை அணைச்சு வெச்சுட்டு ஒவ்வொண்ணா சேருங்க. இல்லைன்னா ரெண்டு இயர்பட்ஸும் ஒரே டிரான்ஸ்மிட்டரைத் துரத்தும்.

நாகலூர் · 16 நவம்பர் 2025, காலை 7:15

ஒரு தகவல், புளூடூத்துக்குச் சம்பந்தமில்லாதது. படத்தை ரூம்லயே பாருங்க. அடிவாரத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு. வண்டி வளையும்போது லேப்டாப் திரையைப் பார்த்துக்கிட்டே போறவங்களுக்கு முதல் நாலஞ்சு வளைவுலயே எலுமிச்சம்பழம் தேவைப்படும். குப்பனூர் வழியா வந்தாலும் மலை மலைதான்.

சூரமங்கலம்_லைன் · 17 நவம்பர் 2025, இரவு 8:20

ஒரு சந்தேகம். ரெண்டு பிள்ளைங்க ஒரே ஆன்லைன் வகுப்பை ரெண்டு இயர்பட்ஸ்ல கேக்கலாமா? வாய்ஸ்மீட்டர்ல போட்டா மீட்டிங் திறந்தவுடனே சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆயிடுது.

குகை_ஸ்பீக்கர் · 17 நவம்பர் 2025, இரவு 8:48

மைக்தான் காரணம். மீட்டிங் ஆப் இயர்பட்ஸோட மைக்கை எடுத்த நொடியே அந்த ஜோடி பாட்டு முறையிலேர்ந்து பேச்சு முறைக்குத் தாவிடும். மோனோ, 8 இல்லைன்னா 16 கிலோஹெர்ட்ஸ், அவ்வளவுதான் தரம். மீட்டிங் ஆப்ல மைக்ரோபோனா லேப்டாப்போட சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்க. இயர்பட்ஸ் பாட்டு முறையிலேயே நிக்கும்.

விண்டோஸ் 10ல ஒரே இயர்பட்ஸ் "ஸ்டீரியோ", "ஹேண்ட்ஸ்-ஃப்ரீ"ன்னு ரெண்டு பேர்ல தெரியும், ஹேண்ட்ஸ்-ஃப்ரீயைத் தொடாதீங்க. 11ல ரெண்டையும் ஒரே பேருக்குள்ள அடக்கிட்டாங்க, அதனால எது ஓடுதுன்னு பேரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சத்தம் மட்டமானா மைக் யாரோ எடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

சூரமங்கலம்_லைன் · 17 நவம்பர் 2025, இரவு 9:05

லேப்டாப் மைக்குக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு. ஒருத்தனுக்கு வகுப்பு, இன்னொருத்தனுக்கு வேற வீடியோன்னா?

குகை_ஸ்பீக்கர் · 17 நவம்பர் 2025, இரவு 9:11

அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். சவுண்ட் செட்டிங்ஸ்ல "வால்யூம் மிக்ஸர்". ஒவ்வொரு ஆப்புக்கும் தனியா வெளியீடு தேர்ந்தெடுக்கலாம். வகுப்பு குரோம்ல, வீடியோ விஎல்சியில. ரெண்டையும் ஒரே பிரவுசர்ல திறந்தா பிரிக்க முடியாது.

லினக்ஸ்_அம்மாபேட்டை · 18 நவம்பர் 2025, காலை 6:40

மற்ற இயங்குதளங்களையும் சொல்லிவிடுகிறேன்.

மேக்: இதில் விண்டோஸைவிட நிம்மதி. "ஆடியோ மிடி செட்டப்" திறந்து, கீழே உள்ள கூட்டல் குறி, "மல்டி-அவுட்புட் டிவைஸ்". இரண்டு இயர்பட்ஸுக்கும் டிக். ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதற்கு மட்டும் "டிரிஃப்ட் கரெக்ஷன்" டிக். அதைப் போடாவிட்டால் இரண்டின் கடிகாரமும் மெல்ல விலகிக்கொண்டே போகும், அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். கீபோர்டு வால்யூம் பொத்தான்கள் இந்தக் கூட்டு வெளியீட்டில் வேலை செய்யாது. அதே ஜன்னலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏற்றி இறக்க வேண்டும்.

லினக்ஸ்: பைப்வயர் (லினக்ஸில் ஒலியைக் கையாளும் மென்பொருள்) உள்ள உபுண்டு, ஃபெடோரா என்றால் "ஹெல்வம்" என்ற சின்ன ஆப். படம் ஓடும்போது விஎல்சியிலிருந்து இரண்டு இயர்பட்ஸுக்கும் மவுஸால் கோடு இழுத்தால் போதும். விஎல்சியை மூடினால் கோடும் போய்விடும். நிரந்தரமாக வேண்டுமானால் பல வெளியீடுகளை ஒன்றாக்கும் கம்பைன் சிங்க் மாட்யூல் ஏற்ற வேண்டும்.

அஸ்தம்பட்டி · 19 நவம்பர் 2025, இரவு 9:30

ரூம்ல நல்லா ஓடிச்சு. வைஃபையை அணைச்சதும் விட்டு விட்டு வர்றது நின்னுடுச்சு, ஜே பொத்தான் நாலு தடவை. விண்டோஸ்லயே இந்த வசதி வருதுன்னு எங்கேயோ படிச்சேன், அது நிஜமா?

குகை_ஸ்பீக்கர் · 19 நவம்பர் 2025, இரவு 10:02

நிஜம்தாங்க, ஆனா உங்க லேப்டாப்புக்கு இல்லை. "ஷேர்டு ஆடியோ"ன்னு அக்டோபர் கடைசியில விண்டோஸ் 11 இன்சைடர் முன்னோட்டத்துல (சோதிச்சுப் பார்க்க விரும்புறவங்களுக்கு முன்கூட்டியே தர்றது) விட்டாங்க. சில காப்பிலாட் பிளஸ் பிசிக்கு (ஏஐ வேலைக்குன்னு வந்த புது வகை கம்ப்யூட்டர்) மட்டும். எல்இ ஆடியோங்கிற புது முறையில ஓடுது. அதுக்கான அடித்தளம் 2020ல வந்த புளூடூத் 5.2லதான் இருக்கு. உங்களுது 5.0. லேப்டாப், டிரைவர், ரெண்டு இயர்பட்ஸ் எல்லாமே எல்இ ஆடியோ தெரிஞ்சதா இருக்கணும். ஒண்ணு பழசானாலும் நடக்காது.

அதனால புதுசா இயர்பட்ஸ் வாங்குறவங்க டப்பாவுல "5.3", "5.4"ங்கிற நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். நம்பர் பெருசா இருந்தும் எல்இ ஆடியோ இல்லாத இயர்பட்ஸ் நிறைய. "எல்இ ஆடியோ", இல்லைன்னா "ஆராகாஸ்ட்"னு எழுத்துல இருக்கணும்.

அஸ்தம்பட்டி · 19 நவம்பர் 2025, இரவு 10:15

கடைசியா ஒண்ணு. ரெண்டு ஜோடியும் ஒரே மாடல், ஏ2ல எது ஏ3ல எதுன்னு தெரியலை. ஒவ்வொரு தடவையும் தடவிப் பார்க்க வேண்டியிருக்கு.

குகை_ஸ்பீக்கர் · 19 நவம்பர் 2025, இரவு 10:24

செட்டிங்ஸ், "புளூடூத் அண்ட் டிவைசஸ்", "டிவைசஸ்" போய் கீழே "மோர் டிவைசஸ் அண்ட் பிரின்டர் செட்டிங்ஸ்". ஒரு ஜோடியை மட்டும் கனெக்ட் பண்ணிட்டு, அதுமேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், புளூடூத் தாவல்ல பேரை மாத்திடுங்க. "கறுப்பு", "வெள்ளை"ன்னு வெச்சா போதும். துண்டிச்சுத் திரும்ப இணைச்சதும் புதுப் பேர் வரும். பனானால ரெண்டையும் மறுபடி தேர்ந்தெடுக்கணும். டப்பாவையும் மாத்தி வைக்காதீங்க. இந்த ஜோடியோட இடது அந்த டப்பாவுல போய் உக்காந்தா, சில மாடல்ல வலதும் இடதும் பிரிஞ்சு, ரீசெட் பண்ணாம சேராது. டப்பா அடியில ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

நாகலூர் · 19 நவம்பர் 2025, இரவு 10:31

ரெண்டுமே கறுப்புன்னா?

அஸ்தம்பட்டி · 19 நவம்பர் 2025, இரவு 10:33

ரெண்டுமே கறுப்புதான். ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்.